கல்லைப் பார்க்கக் காசு கொடுத்துப் போவார்களா? ஐஸ்லாந்துக்கு நான்காம் முறை

போன ஆடி மாதம் ஐஸ்லாந்துக்கு நான்காவது முறையாகப் போய்விட்டு வந்தேன். முதல் மூன்று முறையும் தனி ஆள். இந்த முறை என் மனைவி பாக்கியமும் கூட வந்தாள். ஏன் ஆடி என்று கேட்பீர்கள். எனக்குப் புதுக்கோட்டை–திருமயம் சாலையில் கல் கடை. சமையல் மேடைக்குக் கிரானைட், வாசற்படிக் கல், வேலிக்குக் கல்தூண், எல்லாம் உண்டு. ஆடி பிறந்தால் யாரும் நிலை வைக்க மாட்டார்கள், புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆவணியில் முகூர்த்தம் குறித்தவர்கள் ஆடிக் கடைசியில்தான் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். அதற்கு முன்னால் கிடைக்கிற பத்துப் பன்னிரண்டு நாள்தான் கல் வியாபாரிக்கு விடுமுறை. அங்கேயும் அதுதான் நல்ல பருவம். பகலில் பதினொன்று, பன்னிரண்டு டிகிரி. சூரியன் இரவு பத்தரை மணி வரைக்கும் போக மாட்டேன் என்று நிற்கும்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த நாட்டில் என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். கல் இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக் கல் கோடிக்கணக்கான வருஷத்துப் பழசு. அங்கே என் மகளைவிட வயதில் சின்னக் கல் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் கல்லோடு கிடக்கிறவன், கல் பிறக்கிற இடத்தைப் பார்த்தால் விட்டுவிட்டு வர மனசு வருமா?

முதல் தடவை போனது தற்செயல். இத்தாலியில் கல் அறுக்கும் எந்திரங்களின் கண்காட்சிக்குப் போயிருந்தேன். விசாவில் நாள் மிச்சம் இருந்தது, அதே விசா ஐஸ்லாந்துக்கும் செல்லும் என்றார்கள். சுற்றுலாப் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ரெய்னிஸ்ஃபியாரா என்ற கறுப்பு மணல் கடற்கரையில், அறுத்து அடுக்கினாற்போல் ஆயிரக்கணக்கான கல்தூண்கள் மலையோடு மலையாக நிற்கின்றன. எங்கள் தொழிலில் கல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது, தட்டிப் பார்ப்போம். கணீர் என்று கேட்டால் நல்ல கல். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். நானும் பையில் இருந்த ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டே போனேன். நான் பெயர் செதுக்குகிறேன் என்று நினைத்து வழிகாட்டிப் பெண் ஓடி வந்து பஸ் முழுக்கப் பார்க்கத் திட்டினாள். திட்டு வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. எல்லாத் தூணும் கணீர் என்றுதான் கேட்டது.

இரண்டாவது தடவை போனபோது எரிமலை பொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது கிலோமீட்டர் நடந்து, தூரத்துக் குன்றில் நின்று, கல் கஞ்சி மாதிரி கொதித்து வழிவதைப் பார்த்தேன். மூன்றாவது தடவை நானே கார் ஓட்டித் தீவை முழுசாகச் சுற்றினேன். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், எட்டு நாள். குவாரியில் லோடுமேனாகத் தொடங்கி, லாரி ஓட்டி, கடை வைத்தவன் நான். பத்தாம் வகுப்புத் தாண்டவில்லை. அந்த ஆள் ஐரோப்பாவின் வடகோடியில் ஒற்றை ஆளாகக் கார் ஓட்டினான் என்பதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். சொல்லக் கூசுகிற வயது போய்விட்டது.

ஆனால் பாக்கியம் அசைந்து கொடுக்கவில்லை. அவளும் அதே குவாரிதான். பதினாறு வயதிலிருந்து ஏழு வருஷம் ஜல்லி உடைத்துச் சுமந்தவள். அங்கேதான் எங்களுக்குப் பழக்கம், அங்கிருந்துதான் கல்யாணம். இன்றைக்குக் கடையில் அளவு எடுப்பது, ஆட்களை விரட்டுவது எல்லாம் அவள்தான். ஒவ்வொரு தடவை கூப்பிட்டபோதும் ஒரே பதில். "கல்லப் பாக்கக் காசு குடுத்துப் போவாங்களாக்கும்? வாசல்லயே கெடக்கு. வேணும்கிற மட்டும் பாத்துக்கங்க."

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த மகள் முன்னாலேயே ஒரு நாள் பேச்சு முற்றியது. பாக்கியம் கடைசியாகச் சொன்னாள்: "சரி, இந்த ஒரு தடவ வாரேன். எனக்குப் புடிக்கலைன்னா அதோட அந்த ஊர மறந்துறணும். அப்புறம் ஆடி வருதுன்னு மேப்ப விரிச்சுக்கிட்டு ஒக்காரக் கூடாது. சம்மதமா?"

மகள் என் காதருகே, "அப்பா, யோசிச்சுச் சொல்லுங்க. அம்மாவுக்கு ஊட்டியே புடிக்கல" என்றாள்.

நான் யோசிக்காமல் சம்மதம் என்று சொல்லிவிட்டேன். வியாபாரத்தில் ஒரு நாளும் இப்படி வாய் விட்டதில்லை. சொன்ன சொல் மாறினதும் இல்லை. ஆகவே இந்தப் பயணம் மற்ற மூன்றைப் போல அல்ல. எட்டு நாளைக்குள் பாக்கியத்துக்குப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஐஸ்லாந்து எனக்கு அதோடு சரி.

போக நினைப்பவர்களுக்கு முன்னேற்பாடு பற்றிச் சொல்லிவிடுகிறேன். விசாவுக்குச் சென்னையில் போய் விரல்ரேகை கொடுக்க வேண்டும். கோடையில் கூட்டம் அதிகம், மூன்று மாதம் முன்னாலேயே தேதி வாங்குங்கள். எங்களுக்குப் பதினெட்டு நாளில் வந்தது. கார் ஓட்டுவதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் ஆளுக்கு ஒரு லட்சத்து நாலாயிரம் ரூபாய், போகவர. புதுக்கோட்டையிலிருந்து ரயிலில் சென்னை, அங்கிருந்து பிராங்க்ஃபர்ட், பிறகு மூன்றே முக்கால் மணி நேரம் பறந்தால் கெஃப்லவிக். மதியம் மூன்றரைக்கு இறங்கினோம். நூறு குரோனா என்பது நம் எழுபது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீன் சூப் மூவாயிரத்து இருநூறு குரோனா. அதனால் சின்ன ரைஸ் குக்கர், அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கொண்டுபோனோம். பச்சை இறைச்சி கூடாது. பொடி வகைகளைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வண்டி எட்டு நாளைக்கு எல்லாக் காப்பீடும் சேர்த்து ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் குரோனா. ஜல்லி தெறித்துக் கண்ணாடி உடைவதற்கென்று தனிக் காப்பீடு ஒன்று விற்கிறார்கள். கவுண்டரில் இருந்தவர் அதை எனக்கு விளக்கத் தொடங்கினார். ஜல்லியைப் பற்றி எனக்கே சொல்கிறார் பாருங்கள். மறு பேச்சில்லாமல் வாங்கிவிட்டேன். நீங்களும் வாங்குங்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ரெய்க்யவிக்கிலிருந்து கிளம்பினோம். முதலில் திங்வெட்லிர், நாற்பத்தைந்து கிலோமீட்டர். பூமியின் இரண்டு பாளங்கள் விலகிக்கொண்டிருக்கிற இடம். ஒரு பக்கம் அமெரிக்கா, ஒரு பக்கம் ஐரோப்பா, நடுவில் பிளவு, அதில் நாம் நடக்கிறோம். நான் மூச்சு வாங்க விளக்கினேன். பாக்கியம் பிளவை மேலும் கீழும் பார்த்தாள். "வெடிச்ச கல்லு. இத யாரு வாங்குவா?" என்றாள்.

அங்கிருந்து ஒரு மணி நேரம், வெந்நீர் ஊற்று. ஆறு நிமிஷம், எட்டு நிமிஷத்துக்கு ஒரு முறை தண்ணீர் இருபது மீட்டர் உயரம் பீறிட்டு அடிக்கும். சுற்றி நின்ற கூட்டம் 'ஓ' என்று கத்தியது.

"நம்ம தோட்டத்துல போர் போட்டப்ப இதவிட ஒசரம் அடிச்சுச்சு, நெனவிருக்கா?"

"அது பச்சத்தண்ணிடி. இது பூமிக்குள்ளேயே கொதிச்சு வருது."

"சுடுதண்ணிக்கா இம்புட்டுத் தூரம்?"

குல்ஃபாஸ் அருவியில் காற்று அவள் குடையைப் பிடுங்கி மலர்த்திவிட்டது. ஐஸ்லாந்துக்குக் குடை கொண்டுபோகாதீர்கள், தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி. மூன்றாம் நாள் தெற்கே விக் ஊருக்கு நூற்று எண்பத்தேழு கிலோமீட்டர். வழி நெடுக மூடுபனி. நான் நாணயம் தட்டித் திட்டு வாங்கிய அந்தத் தூண்கள் பத்தடி தூரத்தில்கூடத் தெரியவில்லை. மலை எங்கே, கடல் எங்கே என்று சத்தத்தை வைத்துக் காட்டினேன். "நல்லாருக்கு" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று இருபத்தேழு வருஷம் குடித்தனம் செய்தவனுக்குத் தெரியும்.

நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு விக்கிலிருந்து கிழக்கே கிளம்பினோம். முப்பது கிலோமீட்டர் போனால் எரிமலைக் குழம்பு உறைந்த வெளி தொடங்குகிறது. இருநூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஓடி வந்த குழம்பு. இரண்டு பக்கமும் கண் போகிற வரை கரடுமுரடான கல், அதன்மேல் மெத்தை போட்டாற்போல் பச்சைப் பாசி. அதில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அந்தத் தடம் மறைய எத்தனையோ வருஷம் ஆகும். பாக்கியம் கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு லேசாக நம்பிக்கை வந்தது.

எழுபத்து மூன்றாவது கிலோமீட்டரில் கிர்க்யுபையார்க்லௌஸ்துர். பெயரைத் தடுக்காமல் சொல்ல எனக்கு மூன்று பயணம் ஆனது. உள்ளூர்க்காரர்களே க்லௌஸ்துர் என்று சுருக்கிக்கொள்கிறார்கள். அங்கே வயலுக்குள் 'தேவாலயத் தரை' என்று ஒரு இடம் இருக்கிறது. தேவாலயம் எல்லாம் இல்லை. அறுகோணக் கல்தூண்களின் தலைகள் மட்டும் மண்ணோடு மட்டமாகத் தெரியும், கல் பதித்த தரை மாதிரி. இடுக்குத் தெரியாத வேலை. இதைப் பார்த்தால் அவள் விழுந்துவிடுவாள் என்று நாலு நாளாகப் பொத்தி வைத்திருந்தேன்.

பாக்கியம் ஒரு சுற்று நடந்தாள். குனிந்து பார்த்தாள். தரையில் தண்ணீர் தேங்கியிருந்த ஓரத்தைக் காலால் காட்டினாள்.

"வாட்டம் சரியில்லங்க. இங்கிட்டு நிக்கிது பாருங்க. நம்ம ஆளு போட்டிருந்தா ஒடைச்சுத் திரும்பப் போடச் சொல்லியிருப்பேன்."

எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது அங்கேதான்.

அன்றைக்கு இன்னும் நூற்றிருபது கிலோமீட்டர் கிழக்கே போய் பனிப்பாறை மிதக்கும் ஏரியைப் பார்ப்பதாகத் திட்டம். ஆனால் வழியில் பலத்த காற்று என்று சாலைத் துறை இணையதளத்தில் மஞ்சள் எச்சரிக்கை போட்டிருந்தார்கள். அங்கே அதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. காற்றில் கார் கதவே பிய்ந்துகொண்டு போகும். கதவைத் திறக்கும்போது கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஆகவே திரும்பி, க்லௌஸ்துர் பக்கத்தில் நாங்கள் அறை எடுத்திருந்த பண்ணைக்கு மதியம் இரண்டு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். தனிக் குடில், சமையலறையோடு, ஒரு நாளைக்கு இருபத்து நாலாயிரம் குரோனா.

பண்ணைக்காரப் பெண்மணி பெயர் குட்ரூன். அறுபத்தைந்து வயது இருக்கும், ஆடு வளர்க்கிறார். பெரிய ரப்பர் பூட்சும் கம்பளிச் சட்டையுமாக, குடிலுக்குப் போகிற பாதையில் செங்கறுப்பு நிறத்தில் ஒரு குவியலோடு போராடிக்கொண்டிருந்தார். ஜல்லி! லாரி வந்து கொட்டிவிட்டுப் போயிருந்தது.

"பாதை சேறாகிப்போச்சு, கல் பரப்புகிறேன். மகன் நாளைக்குத்தான் வருவான். மழை இன்றைக்கே வருகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தள்ளுவண்டி போகாத படிக்கட்டுப் பக்கத்துக்காக இரண்டு வாளிகளை நிரப்பி வைத்துவிட்டு, தொலைபேசி அடிக்கிறது என்று உள்ளே போனார்.

பாக்கியம் அந்த வாளிகளைப் பார்த்தாள். "பாவம், வயசான மனுசி, ஒத்தையில கெடந்து மல்லுக்கட்டுது" என்றாள். அடுத்து அவள் என்ன செய்தாள் என்றால், குவாரியில் கற்ற எந்தப் பெண்ணும் செய்வதைச் செய்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். காலை அகட்டி வைத்தாள். ஒரு கை வாளியின் விளிம்பில், ஒரு கை அடியில். மூச்சை அடக்கி, ஒரு வாளி கருங்கல் ஜல்லிக்கு எவ்வளவு பலம் கொடுக்க வேண்டுமோ அவ்வளவையும் கொடுத்து ஒரே வெட்டாகத் தூக்கினாள்.

வாளி நெஞ்சைத் தாண்டி முகத்துக்குப் போனது. இரண்டடி பின்னால் தள்ளாடி, ஈரப் புல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். மடி நிறையக் கல்.

நான் பதறி ஓடினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இதுக்குள்ள ஒன்னுமே இல்லியா?"

"கல்லுதான் இருக்கு."

மடியில் கிடந்ததில் தேங்காய் அளவு ஒன்றை எடுத்தாள். கையில் ஏற்றி இறக்கிப் பார்த்தாள். மூக்கில் வைத்து மோந்தாள். விரலால் சுண்டினாள். "இது கல்லா?"

"கல்லுதாண்டி. குழம்பா வெளிய வரும்போது உள்ள காத்து மாட்டிக்கிச்சு. அப்பிடியே எறுகிப்போச்சு. அதான் உள்ளுக்குள்ள இம்புட்டு ஓட்ட. நம்ம ஜல்லியில பாதிக் கனம்கூட வராது."

அவள் அந்தக் கல்லைத் தனியாக ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். பிறகு எழுந்து, கழுத்தில் இருந்த சால்வையை உருவி வட்டமாகச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தாள். வாளியைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். கையை விட்டுவிட்டுப் படிக்கட்டு வரை நடந்து, தலையிலிருந்தே சாய்த்துக் கொட்டினாள். கொட்டின இடம் சீராக, திட்டில்லாமல் விழுந்தது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் விட்ட வேலை.

வெளியே வந்த குட்ரூன் அதைப் பார்த்து, "நோ, நோ, நோ!" என்று கழுத்தைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"நீங்க சும்மா அள்ளிப் போடுங்கம்மா. நான் கொண்டுபோயிக் கொட்டுறேன்" என்றாள் பாக்கியம், சுத்தத் தமிழில். குட்ரூன் ஏதோ அவர் மொழியில் பதில் சொன்னார். நடுவில் போய் மொழிபெயர்க்கலாம் என்று நான் செல்போனை எடுத்தேன்.

"நீங்க இடைஞ்சல் பண்ணாம ஒதுங்குங்க. அந்த வாரியலயாவது பிடிங்க."

வாரியல் என்றது கல்லை இழுத்துப் பரப்பும் இரும்புச் சீப்பை. கொஞ்ச நேரம் இழுத்தேன். நான் மேடும் பள்ளமுமாகப் பரப்புகிறேன் என்று அதையும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரு சொல்லும் பொதுவில் கிடையாது. ஆனால் பேச்சு நிற்கவே இல்லை. இவள் தமிழில் கேட்பாள், அவர் ஐஸ்லாந்து மொழியில் பதில் சொல்வார், வேலை சரியாக நடக்கும். நடுவில் குட்ரூன் தானும் ஒரு வாளியைத் தலையில் வைத்துப் பார்த்தார். நாலடி போவதற்குள் தலை, தோள், பூட்ஸ் எல்லாம் கல். பாக்கியம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படிக்கட்டுப் பக்கம் வாட்டம் பார்த்து, தண்ணீர் வயல் பக்கம் ஓடும்படி ஓரத்தைத் தாழ்த்தியதும் அவள்தான். இரண்டரைக்குத் தொடங்கி ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது குவியல் தீர்ந்தது. ஆறரைக்கு மழை வந்தது. பாதையில் ஒரு சொட்டு தேங்கவில்லை. இரண்டு பெண்களும் வாசலில் நின்று அந்தத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். நான்கு பயணத்தில் எத்தனையோ அருவி, எரிமலை பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் இதுதான் முதல் இடம்.

குட்ரூன் தம் சமையலறைக்குக் கூப்பிட்டு ஆட்டுக்கறி சூப் கொடுத்தார். பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். செல்போனை மொழிபெயர்க்க வைத்துவிட்டுப் பேசினோம். பாக்கியத்தின் உச்சந்தலையில் முடி கொஞ்சம் தேய்ந்திருக்கும். சுமந்தவர்களுக்கு அப்படித்தான். குட்ரூன் அதைக் காட்டி, எத்தனை வருஷம் என்று கேட்டார்.

"ஏழு வருசம்" என்றாள் பாக்கியம். "ஒரு நாளைக்கு நூறு நட, நூத்தம்பது நட. கழுத்து எலும்பு உள்ள போறாப்புல இருக்கும். கல்லுன்னா அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். இப்பிடி ஒன்னு இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே."

செல்போன் அதை எப்படிச் சொன்னதோ தெரியாது. குட்ரூன், தம் அம்மா துறைமுகத்தில் உப்பு மீன் சுமந்தவர் என்றார். பிறகு எழுந்து போய், அந்தத் தேங்காய் அளவுக் கல்லை எடுத்து வந்து பாக்கியம் கையில் கொடுத்தார், வைத்துக்கொள் என்று.

நான் தலையிட்டேன். ஐஸ்லாந்தில் பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து கல் எடுப்பது குற்றம். இதை எல்லாருக்கும் சொல்லிவருகிறவன் நான்.

"இது அந்தம்மா காசு குடுத்து எறக்குன கல்லுங்க. அவுகளே குடுக்குறாக."

"ஏர்போர்ட்ல கேட்டா யாரு வெளக்கம் சொல்றது? அதுவும் கல்லு வியாபாரி பையில கல்லு. வேண்டாம்."

"ராக்குக்கும் சிட்டுக்கும் காட்டணும். சொன்னா நம்ப மாட்டாளுக." ராக்குவும் சிட்டுவும் குவாரியில் இவளோடு ஜல்லி சுமந்தவர்கள். ராக்கு இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறாள். சிட்டு திருமயத்தில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள்.

"போட்டோ எடுத்துக்க" என்றேன். கல் மேசையிலேயே தங்கிவிட்டது. அப்போது நான் செய்தது புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காற்று அடங்கி, பனிப்பாறை ஏரிக்குப் போனோம். வீடு அளவு பனிக்கட்டிகள் நீலமாக மிதந்தன. "கட்டுமாவடியில மீனுக்குப் போடுற ஐஸ் மாதிரிதான். கொஞ்சம் பெருசு" என்றாள். இந்தத் தடவை சிரித்துக்கொண்டு சொன்னாள். மிச்ச மூன்று நாளும் காரில் போகும்போது செங்கறுப்புக் குன்று தெரிந்தால் அவளே நிறுத்தச் சொன்னாள். தடம் விட்டு இறங்காமல், ஓரத்தில் கிடந்ததைக் குனிந்து எடுத்து, கனம் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைப்பாள். கெஃப்லவிக் விமான நிலையத்தில் நான் பொறுக்க மாட்டாமல், "என்ன முடிவு?" என்று கேட்டுவிட்டேன்.

"ஊருக்குப் போயிச் சொல்றேன். என்ன அவசரம்?"

வந்த நாலாம் நாள் ராக்குவும் சிட்டுவும் கடைக்கு வந்தார்கள். கிரானைட் அடுக்குக்குப் பக்கத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பாக்கியம் நடந்ததைச் சொன்னாள். சிட்டு கையை வாயில் வைத்துச் சிரித்தாள்.

"ஏண்டி, பிளைட்டுல போயிட்டு வந்த தைரியத்துல நல்லா அளந்து விடுற. கனமில்லாத கல்லாம்!"

"பஞ்சு மூட்டைக்குச் சாயம் பூசிக் குடுத்திருப்பாக. இவ கல்லுன்னு தூக்கியிருப்பா" என்றாள் ராக்கு.

பாக்கியம் செல்போனில் படத்தைக் காட்டினாள். கல், வாளி, குட்ரூன் தலையிலிருந்து கொட்டிய கல், எல்லாம் இருந்தது.

ராக்கு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போட்டோவுல கனம் தெரியுமாடி?"

பாக்கியம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஒத்தக் கல்லு. எடுத்தார விட்டீகளா?"

நான் அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"சரி. கல்லத்தான் கொண்டாரக் கூடாது. இவளுகளக் கொண்டுபோகக் கூடாதுன்னு சட்டம் இல்லையே? அடுத்த ஆடிக்கு ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போறேன். கடையில எம் பங்கு கெடக்குல்ல, அதுல போட்டுக்கிறேன். மக வண்டி ஓட்டுவா. குட்ரூன் வீட்லதான் தங்கல்."

"அப்ப ஒனக்கு ஊரு புடிச்சிருச்சு?"

"புடிச்சிருக்கு."

"நான்?"

"நீங்கதான் நாலு தடவ பாத்தாச்சே. கடையப் பாத்துக்கங்க."

ஆகவே இந்தப் பதிவு, போகப்போகிற அந்த நாலு பேருக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான். எட்டு நாளில் தீவு முழுசும் சுற்ற ஆசைப்படாதீர்கள். தெற்குப் பக்கம் மட்டும் போனாலே நல்லது, ஒரே பண்ணையில் இரண்டு நாள் தங்குங்கள். பெட்ரோல் போட ரகசிய எண் உள்ள அட்டை வேண்டும், ஊரிலேயே வங்கியில் கேட்டுச் சரி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி மட்டும் போகிற ஒற்றைப் பாலங்களில் முதலில் வந்தவருக்கு வழி. ஆடு குறுக்கே வரும், ஹாரன் அடித்தால் நிற்காது, நீங்கள்தான் நிற்க வேண்டும். தினமும் காலையில் சாலை நிலவரம், காற்று இரண்டையும் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுப்பவர்கள் விசாவைக் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். யார் செலவில் போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று கடிதம் தெளிவாக இருக்க வேண்டும். எதற்கு என்ற இடத்தில் 'சுற்றுலா' என்று போட்டால் போதும் என்று மகள் சொல்கிறாள். ராக்குவுக்கு அது பிடிக்கவில்லை. "பாக்கியம் சொன்னது நெசமான்னு பாக்க" என்று எழுதச் சொல்கிறாள்.

போன வாரம் மூன்று பேரும் பஸ் ஏறித் திருச்சிக்குப் பாஸ்போர்ட் வேலையாகப் போனார்கள். ஏழு வருஷம் ஒரே குவாரியில் ஒரே கல்லைச் சுமந்தவர்கள், இப்போது ஒரு வாளிக் கல்லைத் தூக்கிப் பார்க்கக் கடல் தாண்டிப் போகிறார்கள். திருமயத்தில் இதை நான் சொல்லாத ஆள் இல்லை. வருகிற ஆடி முழுக்க நான் கடையில்தான் இருப்பேன். சமையல் மேடைக்குக் கல் பார்க்கிறவர்கள் வரலாம். கூட்டம் இருக்காது, நின்று பேசலாம்.